டிஸ்க்கில் பட்ட குங்குமம்

எங்கள் வீட்டில் நான் பர்மனென்ட், என் வீட்டுக்காரர் டெம்ப்ரவரி. எழுபதுகளின் ராயபுரத்தில் இதைவிட வேடிக்கையான குடும்பம் ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் திருவொற்றியூரில் ஒரே தொழிற்சாலை, அதற்குள் ஒரே கம்ப்யூட்டர் அறை. நான் கல்யாணத்துக்கு முன்பே, கார்டில் ஓட்டை போட்டு மெஷினுக்குக் கணக்கு கொடுக்கிற பஞ்ச் ஆபரேட்டராகச் சேர்ந்து நிரந்தரமாகிவிட்டவள். அவர் எனக்குப் பின்னால் வந்த மெஷின் ஆபரேட்டர். சில மாதங்களுக்கு ஒரு முறை பிரேக் என்று சொல்லி அவரை நிறுத்துவார்கள். ஒன்றிரண்டு நாள் வீட்டில் குந்த வைத்துவிட்டு, முன்பின் பார்த்திராத புது ஆளைப் போல மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தார் என்று கணக்கு வந்துவிடக் கூடாதே, அதற்குத்தான் இந்தக் கூத்து. அந்த நாட்களில் நான் மட்டும் பஸ் ஏறிப் போவேன். அவர் வீட்டில் எனக்குச் சோறு கட்டிக் கொடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருத்தி பிடித்துக்கொள்வாள். "இன்னா, உன் வூட்டுக்காரரு இன்னும் டெம்ப்ரவரிதானா?" எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். "வேலையிலதான் டெம்ப்ரவரி. எனக்குப் பர்மனென்ட்டுதான். நீ உன் வூட்டப் பாரு" என்பேன். அவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். யார் என்ன சொன்னாலும் அவருக்குக் கோபம் வராது. அவர் பங்குக் கோபத்தையும் சேர்த்து நானே பட்டுத் தீர்த்தேன்.

அந்த வருடம் நிலைமை வேறு. நிரந்தரம் செய்வதற்கு ஒரு வயது வரம்பு இருந்தது, அவர் அதன் விளிம்பில் நின்றார். அதைத் தாண்டிவிட்டால் கதவு மூடியது மூடியதுதான். எங்கள் மேனேஜர் நல்ல மனிதர். அதை இன்றைக்கும் சொல்வேன், அந்த வயிற்றெரிச்சலோடுதான் சொல்வேன். அவரே அழைத்து, "இந்தத் தடவை பிரேக் கிடையாது. பொங்கலுக்குள்ள ஆர்டர் வந்துடும்" என்று சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் அதை என்னிடம் பஸ் ஸ்டாப்பில் வைத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, என் கையைப் பிடித்தார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் தெருவில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் யாரோ போதும் போதும் என்று ஓட்டிவிட்டுக் கழித்துப்போட்டதை, எங்கள் கம்பெனி வாங்கிக் கப்பலில் ஏற்றி வரவழைத்தது. ஒரு அறையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு மட்டும் ஏசி. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். இரும்பும் ஒயரும் இருந்தால் மட்டும் அது வேலை செய்துவிடாது. காலையில் ஸ்விட்ச் போட்டதும் முதலில் உள்ளே போய் உட்கார வேண்டிய ஒன்று இருந்தது. கார்டு எங்கிருந்து வரும், பிரிண்டர் எந்தப் பக்கம், எந்த வேலைக்குப் பின்னால் எந்த வேலை என்பதெல்லாம் அதற்குத்தான் தெரியும். புத்தகத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று போட்டிருந்தது. நாங்கள் சிஸ்டம் என்போம். அது ஏறாவிட்டால் அத்தனை பெரிய மெஷினும் வெறும் பீரோதான்.

அந்த சிஸ்டம் ஒரு டிஸ்க்கில் இருந்தது. வட்டத் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் கோத்து, பிளாஸ்டிக் மூடி போட்டு வைத்திருக்கும். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். தொழிலாளர் எல்லோருடைய சம்பள விவரமும் அதே டிஸ்க்கில்தான். அதற்கு அச்சு அசலாக இன்னொரு டிஸ்க் நகல் எடுத்து அலமாரியில் பூட்டி வைத்திருந்தோம். இரண்டுக்கும் மூலம், மெஷினோடு கப்பலில் வந்த ஒரு பழைய டேப். அதை யாரும் தொடுவதில்லை, தொட வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் அந்த ஒரு நாள் எல்லோருக்கும் பொது. வண்ணாரப்பேட்டையிலிருந்து வருகிற வெல்டர் பாய் தன் வெல்டிங் செட்டுக்குத் தானே எலுமிச்சம்பழம் வாங்கி வருவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் அப்பா காலையில் கோயிலில் பூசை பார்த்துவிட்டு, நேரே போய்க் கிரேனுக்கு மாலை போட்டவர். சோறு போடுகிற இரும்புக்குச் சந்தனம் வைப்பதில் எந்தச் சாமிக்கும் மனத்தாங்கல் வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் அதுவரை கதவில் ஒரு மாலையோடு சரி.

அந்த வருடம் ஒர்க்‌ஷாப் போர்மேன் வந்து வாசலில் நின்றுகொண்டார். "எங்க லேத்துக்கு பூஜை உண்டு, கேன்டீன் அடுப்புக்கு பூஜை உண்டு. உங்க மெஷினுக்கு மட்டும் இன்னா? ஏசி போட்டா சாமி வராதா?" அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அதற்குப் பின்னால் ஒன்று இருந்தது. இந்த மெஷினால் பாதிப் பேருக்கு வேலை போய்விடும் என்று ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் பயம். அதை முறைத்துப் பார்த்துக்கொண்டு போனவர்களே இன்று பூஜை போட வருகிறார்கள் என்றால் விட முடியுமா? மேனேஜர் உடனே சரி என்றார்.

என் வீட்டுக்காரருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கற்பூரப் புகை உள்ளே போனால் மெஷினுக்கு ஆகாது. அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். "உள்ள வோணாம் ஸார். நான் டிஸ்க்க வெளிய கொணாந்து வெக்கிறேன். அதானே அதோட உசுரு. அதுக்குப் பண்ணா மெஷினுக்குப் பண்ணமாதிரி." மேனேஜருக்குப் பிடித்துப்போயிற்று. போர்மேனுக்கும் பிடித்துப்போயிற்று. மெஷினைக் காப்பாற்றத்தான் அவர் அந்த டிஸ்க்கை வெளியே எடுத்து வந்தார். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருத்தர் காதிலும் ஏறியதில்லை.

சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், சுத்தியல், டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் நடுவில் டிஸ்க்கை மூடியோடு வைத்தார். மேனேஜர் தேங்காய் உடைத்தார். ஒவ்வொருவராக வந்து சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எல்லோருக்கும் லேத்தைவிட அந்த டிஸ்க்குக்கு வைக்கத்தான் ஆசை. அள்ளி அள்ளி வைத்தார்கள். மூடி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு, வெல்டர் பாய் என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டி, "உன் பொண்ணுக்கு வளைகாப்பு முடிஞ்சிதுபா" என்றார். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

விடுமுறை முடிந்து வந்த காலையில் அவர் ஈரத் துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை அந்த மூடியைத் துடைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. ஆனால் மூடியும் அடித்தட்டும் சேருகிற இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. குங்குமம் அதற்குள் போய் உட்கார்ந்திருந்தது எங்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. டிஸ்க்கை டிரைவில் வைத்து மூடியைத் திருகி எடுத்தபோது அந்தத் தூள் தட்டின் மேல் விழுந்திருக்கிறது.

அந்தத் தட்டு சுற்றும்போது, அதிலிருப்பதைப் படிக்கிற ஹெட் அதன் மேல் படாது. படாமல், ஒரு மயிரிழைகூட நுழைய முடியாத இடைவெளியில் நிற்கும். அங்கே குங்குமம் போனால் என்ன ஆகும்? ஸ்லேட்டில் ஆணியால் கீறுகிற சத்தம் வந்தது. பஞ்ச் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த என் அறைக்கே கேட்டது. நான் ஓடிப் போனபோது அவர் டிரைவை நிறுத்திவிட்டு நின்றார். "டிரைவுதான் பேஜாரு பண்ணுது" என்றார். அறையில் இரண்டு டிரைவ் இருந்தன. டிஸ்க்கை எடுத்து இரண்டாவதில் வைத்தார். அங்கேயும் அதே சத்தம். அப்போது டிஸ்க்தான் கெட்டது என்று நினைத்து, அலமாரியிலிருந்த நகலை எடுத்துவந்து முதல் டிரைவில் வைத்தார். அந்த டிரைவின் ஹெட் ஏற்கெனவே கீறிப் போயிருந்தது. நகலும் போயிற்று.

இதுதான் அவர் செய்த தப்பு. நான் அதை மூடி மறைக்கவில்லை. பதறிப்போன மனுஷன் செய்கிற தப்பு. குழந்தை மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தால் இந்த ஆஸ்பத்திரிக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடமாட்டோமா, அப்படித்தான் ஓடினார்.

மேனேஜர் வந்து டிஸ்க்கைப் பார்த்தார். தட்டில் வட்டமாக ஒரு கீறல், அதன் ஓரத்தில் சிவப்பு. கதவைச் சாத்திவிட்டு எங்கள் இரண்டு பேரிடமும் மெதுவாகச் சொன்னார். "குங்குமம்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. பூஜை பண்ணி மெஷின் கெட்டுப்போச்சுன்னு ஒர்க்‌ஷாப்ல தெரிஞ்சா மனசு விட்டுடுவாங்க. மேலிடத்துல தெரிஞ்சா ஏன் பூஜைக்கு விட்டேன்னு என்னைக் கேப்பாங்க." நாங்கள் தலையாட்டினோம். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

மெஷினைச் செய்த கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்தார். ஹெட்டுகளை மாற்றினார். புது டிஸ்க் இரண்டு கொடுத்தார். இரண்டும் துடைத்த பலகை மாதிரி வெறுமையாக இருந்தன. சிஸ்டம் போட்டுத் தர முடியுமா என்று மேனேஜர் கேட்டதற்கு, இவ்வளவு பழைய மெஷினுக்கு எங்களிடம் ஆள் கிடையாது, இரும்பு வேலை மட்டும்தான் எங்களுடையது என்று கைகழுவிக்கொண்டு போய்விட்டார். சம்பள நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சம்பளச் சீட்டு வரவில்லை என்றால் போதும், மெஷினைத் தூக்கி வெளியே போடு என்று கொடி பிடிக்க ஆள் தயாராக இருந்தது. போர்மேன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னாபா, மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குச் சொல்லி வுட்றலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் செய்த பூஜையால்தான் இந்தக் கதி என்று பாவம் அவருக்குத் தெரியாது.

மிச்சமிருந்தது அந்தப் பழைய டேப். அதிலிருந்து சிஸ்டத்தை மறுபடி டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். மெஷின் வந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரர் அதைச் செய்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். "முடியுமா?" என்று மேனேஜர் கேட்டார். இவர் உடனே, "முடியும் ஸார்" என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "இன்னாயா, பெருசா வாக்குக் குடுத்துட்டு வந்துக்கினு கீற?" என்றேன். "ஏத்திட்டேன்னு வெய்யி, அப்பால ஆர்டர எவன் நிறுத்துவான்?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்த ஒரு காரியத்தைச் செய்து காட்டிவிட்டால் நிரந்தரம் நிச்சயம். அன்றையிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

முதலில் ஒரு சின்னக் கட்டுக் கார்டு. அதை மெஷினுக்குக் கொடுத்தால்தான் டேப்பைப் படிக்கவே அதற்குத் தெரியும். டேப்போடு அந்தக் கார்டுகளும் வந்திருந்தன. எங்கள் ஊர்க் கடல் காற்றில் அவை அப்பளம் நமுத்த மாதிரி ஆகியிருந்தன. கார்டு ரீடர் முதல் கார்டையே கடித்துக் குதறிவிட்டது. அடுத்ததையும். அவர் மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் அவற்றை வாங்கிக்கொண்டு பஞ்ச் மெஷினில் உட்கார்ந்தேன்.

அந்தக் கார்டுகளில் எழுத்தும் கிடையாது, எண்ணும் கிடையாது. வெறும் ஓட்டைகள். கிழிந்ததை மேஜை மேல் ஒட்டுப்போட்டு வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து, அதே இடத்தில் புதுக் கார்டில் ஓட்டை போட்டேன். ஒரு ஓட்டை தள்ளிப்போனாலும் குப்பைதான். என் வாழ்க்கையில் அத்தனை கவனமாக நான் எதையும் செய்ததில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்து மேஜைப் பெண் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தேற்ற வந்தாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு பழையதையும் புதியதையும் சேர்த்து வைத்து, வெளிச்சத்தில் நானும் அவரும் பார்த்தோம். எல்லா ஓட்டையும் நேராக இருந்தது. "சோக்கா அடிச்சிக்கீறமே" என்றார்.

கார்டு போயிற்று. டேப் சுற்ற ஆரம்பித்தது. பாதி தூரம் போய் நின்றது. மெஷின் எங்களோடு பேசுகிற கன்சோல் டைப்ரைட்டர் ஏதோ ஒரு வரியை அடித்துவிட்டு மூச்சை நிறுத்திக்கொண்டது. அவர் டேப்பைப் பின்னால் ஓட்டி, ஸ்பிரிட்டில் நனைத்த மல் துணியால் டேப்பைப் படிக்கிற ஹெட்டைத் துடைத்தார். துணியில் பழுப்பாகப் பொடி வந்தது. டேப்பே உதிர்ந்துகொண்டிருந்தது. எத்தனை தடவைதான் இப்படித் துடைத்துத் துடைத்து ஓட்டுவது, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உதிருமே என்று எனக்குப் பதைப்பு. மறுபடி ஓட்டினார். அதே இடத்தில் நின்றது. அவர் அந்தச் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "கண்ணு, ஒரே ஒரு தபா போய்ட்டு வந்துரு" என்று கெஞ்சினார். நான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அருள்நிறை மரியே சொன்னேன்.

அடுத்த தடவை அது நிற்காமல் போயிற்று. அதை எப்படி எழுதுவது? டைப்ரைட்டர் தானாகத் தடதடவென்று அடித்து, இன்றைய தேதி என்ன என்று கேட்டது. சிஸ்டம் எழுந்து உட்கார்ந்து கேட்கிற முதல் கேள்வி அது. அவர் ஒற்றை விரலால் தேதியைத் தட்டினார். அதற்குப் பிறகு அது கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போனார். பிரிண்டர் இங்கே, ரீடர் அங்கே, டிரைவ் இரண்டு. கண் தெரியாதவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

அந்த நாட்களில் அவர் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டுப் புதிதாகச் சேர்ந்த ஒரு பட்டதாரி இளைஞரை மேனேஜர் உட்கார வைத்திருந்தார். "இவரும் கத்துக்கட்டும்" என்றார். நல்ல மரியாதையான பிள்ளை. என்னைக்கூட மேடம் என்றுதான் கூப்பிடுவார். என் வீட்டுக்காரர் எதையும் ஒளிக்கவில்லை. எங்கே துடைக்க வேண்டும், எவ்வளவு ஸ்பிரிட், எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். நகல் டிஸ்க் ஒன்றுக்கும் சிஸ்டம் ஏற்ற வேண்டியிருந்தது. "அதை அவர் கையால செய்யட்டும், நீங்க பாருங்க" என்றார் மேனேஜர். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆர்டர் வந்ததும் அந்த இளைஞர் இவருக்கு அசிஸ்டென்ட் என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி நான்.

பிறகு சம்பள விவரம் முழுவதையும் பழைய டிஸ்க்கில் இருந்த மாதிரியே மறுபடி ஏற்ற வேண்டும். நாங்கள் பஞ்ச் பெண்கள் தலை நிமிராமல் அடித்தோம். ஆளுக்கு ஒரு கார்டு. தற்காலிக ஆட்களுடையது என் பங்கில் வந்தது. என் வீட்டுக்காரர் கார்டை நானே அடித்தேன். பக்கத்து மேஜைப் பெண் சரிபார்த்துவிட்டு, "அக்கா, ஐயாவுக்கு இதுதான் கடைசி டெம்ப்ரவரி கார்டு" என்றாள். கட்டுகளை மேனேஜர் அறையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் பார்த்து அனுப்பிய பின்தான் மெஷினுக்குப் போகும். எப்போதும் அப்படித்தான்.

சம்பள வேலை ஓடிய அன்று ஒர்க்‌ஷாப்பில் பாதிப் பேர் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பிரிண்டர் காது கிழிகிற சத்தத்தோடு சீட்டுகளைத் துப்பியது. போர்மேன் உள்ளே வரக் கூடாது என்பதையே மறந்து, செருப்புக் காலோடு வந்து என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டார். "செத்தவள எய்ப்பி குந்த வெச்சிட்டியே நைனா" என்றார். அவர் சிரித்துக்கொண்டே சீட்டுகளைக் கிழித்துக் கிழித்து அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியாகத் தற்காலிக ஆட்களின் வரிசை வந்தது. அவர் கை நின்றது. திரும்ப மேலே போய்ப் பார்த்தார். கீழே பார்த்தார். தன் டோக்கன் நம்பருக்கு முந்தின சீட்டு இருந்தது. பிந்தினதும் இருந்தது. அவருடையது இல்லை.

என்னை ஓரமாக அழைத்தார். "எங்கயோ தப்பு வுட்டுட்டேன்மே. டேப்பு நின்னுதே, அந்த எடத்துல ஏதோ சரியா ஏறல. ஒரு ஆளு வுட்டுப் போயிருக்குது. என்னுதுதான் பூடுச்சு, பரவால்ல. வேற எவனுதாச்சும் அழிஞ்சிருந்தா?" சீட்டுக் கட்டை மறுபடி ஒரு தடவை புரட்டினார். "ஸார்கிட்ட சொல்லாத. மொதல்லேர்ந்து ஏத்திடறேன்." எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பட்டது. ஒருவேளை என் கார்டில்தான் தப்போ என்று அடித்த கட்டை எடுத்துப் பார்க்கப் போனேன்.

கட்டில் அவர் கார்டு இல்லை. முந்தினது இருந்தது, பிந்தினது இருந்தது. நான் அடித்தது எனக்குத் தெரியும், அந்தப் பெண் சரிபார்த்தது தெரியும். ரீடர் கடித்திருந்தால் கிழிசலாவது இருக்கும். நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் மேஜையில், மை டப்பாவுக்குப் பக்கத்தில், அந்தக் கார்டு இருந்தது. மடிக்காமல், ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"நான்தாம்மா எடுத்தேன்" என்றார். "டிஸ்க் எப்படிப் போச்சுன்னு மேலிடத்துல எழுதிக் கேட்டாங்க. குங்குமம்னு எழுத முடியுமா? ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு எழுதினேன். ஆளை நிறுத்தச் சொல்லிட்டாங்க. மெஷின் எழுந்திருக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவருக்குச் சேர வேண்டியதைத் தனியாக் கையில குடுத்துடுவாங்க. நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பார்."

எனக்கு வாய் உண்டு என்று ஊருக்கே தெரியும். அன்று ஒரு வார்த்தை வரவில்லை. தேங்காய் உடைத்தது நீதானே என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டு நாளாக அந்த இளைஞருக்குச் சொல்லிக் கொடுத்தாரே, அப்போதே உனக்குத் தெரியுமா என்று கேட்டிருக்க வேண்டும். பிற்பாடு என் வீட்டுக்காரர் காசிமேட்டில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்துக் கை விரல்கள் மரத்துப்போய் வந்த ஒவ்வொரு சாயங்காலமும் அதையெல்லாம் மனதுக்குள் கேட்டிருக்கிறேன். அதே மேனேஜரின் கீழேதான் நான் கடைசி வரை வேலை பார்த்தேன். பார்க்காவிட்டால் சோறு ஏது.

மெஷின் அறைக்கு வந்தேன். அவர் பழைய டேப்பை மறுபடி மாட்டி, மல் துணியும் ஸ்பிரிட்டும் எடுத்து வைத்திருந்தார். டேப்புக்காக நான் அடித்த சின்னக் கார்டுக் கட்டு கையில் இருந்தது. ஜன்னலில் இருந்தவர்கள் எல்லாம் சீட்டு வாங்கப் போய்விட்டார்கள். அந்த இளைஞர் மட்டும் சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்திருந்தது என்று அந்த நிற்பிலேயே விளங்கியது.

"குந்து, ஒரு மணி நேரம்" என்றார் என் வீட்டுக்காரர். "எங்க தப்புன்னு கண்டுபுடிச்சிட்டேன்னு நெனைக்கிறேன்."

அவர் கையிலிருந்த கட்டை வாங்கி மேஜையில் வைத்தேன். "ஏத்தாதய்யா" என்றேன். "உன் கார்ட ஸார்தான் எடுத்துட்டாரு. என் கண்ணால பாத்தேன். உன்ன நிறுத்திட்டாங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அழுவார், இல்லை கத்துவார் என்று நான் என்னைத் தயார்ப்படுத்திக்கொண்டு நின்றேன்.

"அப்ப சிஸ்டம் சரியாத்தான் ஏறிக்கீதா?" என்று கேட்டார்.

"ஏறிக்கீதுய்யா. ஒரு கொறையும் இல்ல" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பயந்தே பூட்டேன்மே" என்றார்.